காட்சிக்கு நிற்கும் மலை ரயில் எஞ்சினை மறுபடி ஓட்டலாமா?

குன்னூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: நீலகிரி மலை ரயிலில் ஓடி ஓய்ந்த எக்ஸ் வகுப்பு நீராவி எஞ்சின் ஒன்று மேடை மேல் காட்சிக்கு நிற்கிறது. அதைப் புதுப்பித்து மறுபடி ஓடவைக்கச் சொல்லி ரயில்வேக்கு மனு கொடுக்கப் போகிறோம். ஓய்வுபெற்ற ஊழியர்கள் சிலரும் எங்களோடு இருக்கிறார்கள், பணமும் திரட்டிவிடலாம். இது நடக்கிற காரியமா, செய்ய வேண்டிய காரியமா?

நடக்குமா என்றால், நடக்கும். பணமும் பட்டறையும் பொறுமையும் இருந்தால் எந்தத் துருப்பிடித்த எஞ்சினையும் ஒரு நாள் ஓடவைத்துவிடலாம். கெட்டுப்போனதை எல்லாம் புதிதாகச் செய்து மாட்டினால் போயிற்று. செய்ய வேண்டுமா என்பதில்தான் யோசனை வேண்டும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாய்லரைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் "ஓடவைக்க வேண்டும்" என்று மனுவில் எழுதாதீர்கள். திறந்து பார்த்து நன்றாக இருந்தாலும்கூட, எந்தப் பாதையில், என்ன வேலைக்கு, யார் பராமரிப்பில் ஓடப்போகிறது என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால், அதை நிற்கவிடுங்கள். சும்மா நிற்க வைப்பதற்கும் வேலை உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் நீராவி எஞ்சின் பட்டறை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் பேச்சு அடிக்கடி பாய்லர் பக்கமே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினைப் பற்றி உங்களுக்கே தெரியும், இருந்தாலும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பாதை திறந்தது 1899-ல், ஊட்டி வரை வந்தது 1908-ல். சுமார் 46 கிலோமீட்டர் மீட்டர் கேஜ். மலையடிவார நிலையமான கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறும் பகுதியில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம் வரும் இடங்கள் உண்டு. சாதாரணச் சக்கரம் அங்கே வழுக்கிவிடும் என்பதால் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரட்டைச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ராக் என்பது அதுதான். இரண்டு சட்டத்திலும் பற்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும், எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பல் எஞ்சினின் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை. இந்தியாவில் வேறு எங்கும் பல்சக்கர ரயில் பாதை கிடையாது. எக்ஸ் வகுப்பு எஞ்சின்களை சுவிட்சர்லாந்தில் வின்டர்தூர் ஊரின் எஸ்.எல்.எம். நிறுவனம் செய்து அனுப்பியது: 1914 முதல் 1925 வரை ஒரு தொகுதி, 1952-ல் இன்னும் ஐந்து, ஆக மொத்தம் 17.

இந்த எஞ்சினைப் புதுப்பிப்பது மற்ற நீராவி எஞ்சினைப் புதுப்பிப்பது மாதிரி இல்லை என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒரு சட்டத்துக்குள் இரண்டு எஞ்சின்கள் இருக்கின்றன. கீழே உள்ள உயர் அழுத்த சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். அவற்றிலிருந்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மேலே உள்ள தாழ் அழுத்த சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுழற்றும். சமதளத்தில் மேல் சிலிண்டர்களுக்கு வேலை இல்லை, நீராவி நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும். ராக் பகுதியில் நுழைந்ததும் மேலே உள்ள தண்டுகளும் அசைய ஆரம்பிக்கும், கீழே உள்ளவற்றைவிட வேகமாக. கல்லாறில் நின்று பார்த்தவர்களுக்கு அது மறக்காது. புதுப்பிப்பவனுக்கோ இரண்டு மடங்கு செலவு. நான்கு சிலிண்டர், அவற்றின் பிஸ்டன்கள், வால்வுகள், இடையில் பல்லிணைப்பு, அப்புறம் பல்சக்கரங்கள். பல்சக்கரத்தில் தேய்மானம் ஒரு அளவுக்கு மேல் போனால் ராக்கில் சரியாக உட்காராது. உட்காராத பல் ஏறும்போது சத்தம் போடும், இறங்கும்போது ஆபத்து.

பிரேக் விஷயம் இன்னும் தனி. இறங்கும்போது எஞ்சின் கீழ்ப் பக்கம் நின்று ரயிலைத் தாங்கிக்கொண்டு வரும். சாதாரணச் சக்கரத்துக்கு ஒரு கை பிரேக், பல்சக்கர டிரம்முக்கு வேறு பிரேக், ரயில் முழுவதற்கும் வாக்குவம் பிரேக். இவை போதாதென்று சிலிண்டர்களையே காற்றழுத்தும் பம்பாக மாற்றி வேகத்தைப் பிடிக்கும் முறையும் உண்டு. அதில் சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்ஸ்மேன் வேறு. இத்தனையும் ஒழுங்காக வேலை செய்தால்தான் அந்த எஞ்சினை ராக்கில் விடலாம். "ஓடுகிறது" என்பதும் "பயணிகளோடு மலை மேல் ஹில்குரோவ் நிலையத்திலிருந்து இறங்கத் தகுதியானது" என்பதும் வேறு வேறு.

சரி, நிற்கிற எஞ்சினுக்கு என்ன ஆகிறது?

குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிது. மற்ற மாதங்களிலும் பனிமூட்டம் வந்து இரும்பின் மேல் தண்ணீராகப் படியும். திறந்த புகைபோக்கி வழியாக மழை உள்ளே இறங்குகிறது. அதன் அடியில் புகை சேரும் அறையான ஸ்மோக் பாக்ஸில் பழைய கரியும் சாம்பலும் கிடந்தால், அதிலுள்ள கந்தகம் தண்ணீரோடு சேர்ந்து அமிலமாகும். ஸ்மோக் பாக்ஸின் அடித்தகடும் பாய்லருக்குள் சூடான புகை போகும் குழாய்களைத் தாங்கும் முன் டியூப் தகட்டின் கீழ்ப்பகுதியும் முதலில் போவது இதனால்தான். நெருப்பு எரியும் ஃபயர் பாக்ஸின் அடியில் தங்கிய சாம்பலும் இதே வேலையைச் செய்யும். பாய்லருக்கு வெளியே சூடு காக்கச் சுற்றியிருக்கும் போர்வை ஒருமுறை நனைந்தால் லேசில் காயாது. அதற்கும் மேல் உள்ள மெல்லிய தகட்டில் பெயிண்ட் அழகாக இருக்கும், அடியில் பாய்லர் தகடு செதில் செதிலாக உரிந்துகொண்டிருக்கும். வெளியே பழுத்த மாம்பழம், உள்ளே வண்டு. அந்தப் போர்வை பழைய காலத்து ஆஸ்பெஸ்டாஸாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால் ஆர்வக்கோளாறில் யாரும் அதைக் கையால் பிய்த்துப் பார்க்கக் கூடாது. அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் வினை.

விழாவுக்கு விழா அடிக்கிற கறுப்புப் பெயிண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். காட்சி எஞ்சின்களில் ஓட்டை விழுந்த இடத்தில் புட்டி வைத்து அடைத்து மேலே பெயிண்ட் அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெயிண்ட் அடித்தவர் மேல் தப்பில்லை, அவரிடம் சொன்ன வேலை அதுதான். ஆனால் அதைப் பார்த்துவிட்டு "நல்ல நிலையில் இருக்கிறது" என்று மனுவில் எழுதிவிடாதீர்கள். சக்கரங்களை மேடைத் தண்டவாளத்தோடு வெல்டிங் செய்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் இன்ஜெக்டர், தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸ், சேஃப்டி வால்வு, பித்தளைக் குழாய்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பித்தளை எங்கேயும் நீண்ட நாள் தங்குவதில்லை.

பாய்லருக்கு ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று கேட்கலாம். ஒரு லிட்டர் தண்ணீர் முழுதாக ஆவியானால், சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் அழுத்தத்தின் காரணமாக 100 டிகிரிக்கு மிக மேலே போயும் தண்ணீராகவே இருக்கிறது. எங்காவது தகடு திறந்துகொண்டால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு அந்தக் கணமே ஆவியாகிவிடும். ஃபயர் பாக்ஸின் கூரைத் தகட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஃபயர்மேனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதற்காகத்தான். தண்ணீர் இறங்கினால் அடியில் எரியும் நெருப்பு அந்தத் தகட்டைச் சிவக்கவைத்துவிடும், சிவந்த தகடு அழுத்தம் தாங்காது.

ஓய்வு பெற்ற எஞ்சின்களை ஆசைக்கு ஓட்டுகிற இடங்களில் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1995-ல் கெட்டிஸ்பர்க் பக்கம் ஒரு சுற்றுலா ரயிலில் கூரைத் தகடு சரிந்து மூன்று ஊழியர்கள் தீக்காயம் பட்டார்கள். தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக்குப் போகும் வழியில் உப்புப் படிந்து அடைத்திருந்தது, கண்ணாடி சொன்னது பொய். அந்த விபத்துக்குப் பிறகு அங்கே விதியை மாற்றினார்கள். இப்போது 1,472 நாள் வேலை செய்த பிறகோ 15 ஆண்டு கழிந்த பிறகோ, எது முதலில் வருகிறதோ அப்போது, பாய்லரை முழுதாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2001-ல் ஒஹையோ மாநிலத்தின் மெடினாவில் ஒரு கண்காட்சித் திடலில் பழைய நீராவி டிராக்டர் வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். அதை ஓட்டியவர்கள் அயோக்கியர்கள் அல்ல. உங்களைப் போல நீராவி மேல் ஆசை கொண்டவர்கள்தான்.

ஆகவே முதல் வேலை, பார்ப்பது. அதற்கு ஒரு முறை உண்டு. போர்வையை உரிய பாதுகாப்போடு எடுத்துவிட்டு, தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் கட்டம் கட்டமாக அளக்க வேண்டும். டியூப்களைக் கழற்றிவிட்டு உள்ளே விளக்கு விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் குழி குழியாக அரித்த இடங்களும் தகட்டின் மடிப்பு ஓரங்களில் விழும் கோடு போன்ற பள்ளங்களும் வெளியிலிருந்து தெரியாது. ஃபயர் பாக்ஸ் சுவரையும் வெளிச் சுவரையும் பிடித்து நிறுத்துபவை ஸ்டே எனும் நூற்றுக்கணக்கான இரும்புக் கம்பிகள். அவற்றில் எத்தனை உடைந்திருக்கின்றன, தலைகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அனுபவம் உள்ள பாய்லர்மேனின் சுத்தியல் ஒலியிலேயே பாதி தெரிந்துவிடும். இதெல்லாம் தேறினால்தான் தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிடக் கூடுதலாக அழுத்தம் ஏற்றிச் சோதிப்பது. தண்ணீர் சுருங்காத பொருள், சோதனையில் தகடு விட்டாலும் ஒழுகும், வெடிக்காது. அவசரத்துக்குக் காற்றை ஏற்றிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால், அவரைக் குழுவிலிருந்து மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

இந்தப் பரிசோதனைக்கே தனியாகப் பணம் வேண்டும். பரிசோதனைக்கு முன்னால் யாராவது மொத்தச் செலவு இவ்வளவு என்று சொன்னால் நம்ப வேண்டாம். ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற எஞ்சின். தேசிய ரயில்வே அருங்காட்சியகமே 2004-ல் வாங்கியது, 2006-ல் புதுப்பிக்கும் வேலையை ஆரம்பித்தது. வேலை செய்யச் செய்ய ஒவ்வொன்றாகக் கெட்ட பாகம் வெளிப்பட்டது, சட்டத்தில்கூடக் கோளாறு. ஓட ஆரம்பித்தது 2016-ல். செலவு 42 லட்சம் பவுண்ட். உலகத்திலேயே நீராவி எஞ்சின் தெரிந்த ஆட்கள் அதிகம் உள்ள நாடு, பின்னால் அருங்காட்சியகம், அவர்களுக்கே பத்து ஆண்டு. அதற்குப் பிறகும் முடிந்ததா? அங்கே பாய்லர் சான்றிதழ் பொதுவாகப் பத்து ஆண்டுக்குத்தான். அந்தக் கெடுவுக்குள் மறுபடி பிரிக்க வேண்டி வந்தது. நீங்கள் திரட்ட நினைக்கும் பணம் முதல் தடவைக்குத்தானா, அடுத்த தடவைக்கும் சேர்த்தா என்று உங்களுக்குள் பேசிக்கொள்ளுங்கள்.

நம் எஞ்சினுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் வியட்நாமில் இருக்கிறது. அங்கே தா லாட் மலைக்குப் போன பல்சக்கரப் பாதையும் மீட்டர் கேஜ், ஆப்ட் முறை, எஸ்.எல்.எம். எஞ்சின். பாதை கைவிடப்பட்டு, எஞ்சின்கள் காட்டில் துருப்பிடித்துக் கிடந்தன. சுவிட்சர்லாந்தின் ஃபுர்க்கா மலைப்பாதையை மீட்டு நடத்தும் ஆர்வலர்கள் 1990-ல் அவற்றை லாரியிலும் கப்பலிலும் ஏற்றித் தாய்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். சின்ன எஞ்சின்கள் சில ஆண்டுகளிலேயே ஓடிவிட்டன. எக்ஸ் வகுப்பைப் போலவே நான்கு இணைச் சக்கரம் கொண்ட பெரியவை ஓடுவதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆயிற்று. அதையும் சாதித்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடம் அந்த எஞ்சின் ஓட வேண்டிய பாதை இருந்தது, ஓட்ட ஆளில்லாத பாதை. எஞ்சின் வந்தால்தான் ரயில் நடக்கும் என்ற தேவை அவர்களை இழுத்துக்கொண்டு போனது.

நம்மிடம் அந்தத் தேவை இருக்கிறதா? இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நீங்கள் கேட்டிருந்தால் நான் வேறு விதமாகப் பதில் சொல்லியிருப்பேன். பழைய சுவிஸ் எஞ்சின்கள் களைத்துப்போய், ஆவி பிடிக்காமல் நடுவழியில் நின்ற காலம் அது. நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். அப்புறம் திருச்சி பொன்மலை பட்டறை துணிந்து புது எக்ஸ் வகுப்பு எஞ்சின்களையே கட்டியது. 2011 முதல் 2014-க்குள் எண்ணெயில் எரியும் நான்கு, 2021-ல் நிலக்கரியில் எரியும் ஒன்று. என்னைக் கேட்டால் இந்த மலைப்பாதை வரலாற்றில் 1899-க்கும் 1908-க்கும் அடுத்து வைக்க வேண்டிய சாதனை அது. நம் ஊர் பத்திரிகைகள் ஒரு நாள் படம் போட்டுவிட்டு மறந்துவிட்டன. இங்கிலாந்தில் டொர்னாடோ என்ற எஞ்சினை ஆர்வலர்கள் புதிதாகக் கட்டி 2008-ல் ஓட்டியபோது உலகமே எழுதியது. பொன்மலைத் தொழிலாளிகள் அதைவிடச் சிக்கலான நான்கு சிலிண்டர் பல்சக்கர எஞ்சினை ஒன்றுக்கு ஐந்தாகக் கட்டினார்கள்.

நீராவி ரயில் கல்லாறு ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இதோடு நிறைவேறிவிட்டது. யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது மதித்த அந்த முறை, அந்தப் பல், அந்த ஏற்றம் இன்றும் வேலை செய்கிறது. ஆக மேடையில் நிற்கும் எஞ்சின் ஓடாவிட்டால் பயணிக்கு நட்டம் இல்லை. அது ஓடினால் என்ன லாபம், அதை ஓடவைப்பதற்காக எதை இழக்கிறோம் என்பதுதான் மிச்சம்.

என்ன இழக்கிறோம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓடவைக்கும் வேலையில் டியூப் எல்லாம் புதிது. ஸ்டேயில் பெரும்பாலும் புதிது. ஃபயர் பாக்ஸ் புதிதாகலாம், பாய்லர் முழுவதுமே வெல்டிங் செய்த புதுப் பாய்லராக வரலாம். சிலிண்டரில் புது உறை, சக்கரத்துக்குப் புது டயர், புதுப் பல்சக்கரம். கடைசியில் சுவிஸ்காரன் ஆணி அடித்த பழைய இரும்பு எவ்வளவு மிஞ்சும்? பழைய முறையில் ரிவெட் அடித்த பாய்லர் ஒரு சாட்சி. 1914-லோ 1920-களிலோ இப்படித்தான் செய்தார்கள் என்று காட்டுவதற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. வெட்டி எறிந்தால் போனது போனதுதான். ராக்கெட் என்று பெயர் வைத்த, உலகப் புகழ் பெற்ற ரயில் எஞ்சினை, 1829-ல் செய்தது, இங்கிலாந்தில் யாரும் ஓடவைக்க முயலவில்லை. அதைப் போல ஒன்றைப் புதிதாகக் கட்டி ஓட்டினார்கள், அசலை அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். நமக்குப் பொன்மலை அந்த நகல்களை ஏற்கெனவே கொடுத்துவிட்டது.

இதற்கு எதிராக ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். பட்டறையில் எஞ்சின்கள் வரும்போது ஒன்றின் பாய்லரை இன்னொன்றுக்கு மாட்டி அனுப்புவது சகஜம். இதன் சக்கரம் அதற்குப் போகும், அதன் சிலிண்டர் இதற்கு வரும். அதனால் உங்கள் எஞ்சினின் பெயர்ப் பலகையில் உள்ள எண் ஒன்றாகவும், பாய்லர், சட்டம், தண்டுகள் ஆகியவற்றில் குத்தியிருக்கும் எண்கள் வேறாகவும் இருக்கலாம். "அசல்" என்று நாம் சொல்வது ஏற்கெனவே பல எஞ்சின்களின் கலவையாக இருக்கக்கூடும். அப்படியிருந்தால் கை வைக்கத் தயங்குவதற்கான காரணம் கொஞ்சம் குறைகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பணம் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு கம்பி பிரஷ், சாக்பீஸ், அனுமதிக் கடிதம் போதும். பாகம் பாகமாக எண்களைத் தேடிப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் குழுவில் உள்ள ஓய்வு பெற்றவர்களுக்கு எங்கே குத்தியிருக்கும் என்று தெரியும். புதுப்பித்தாலும் புதுப்பிக்காவிட்டாலும் இந்த ஆவணம் ஒரு சொத்து.

எல்லாம் தாண்டி, பாய்லர் அதிசயமாகத் தேறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ராக்கில் விட வேண்டும் என்று கேட்காதீர்கள் என்பேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு வரை சுமார் எட்டு கிலோமீட்டர். அங்கே பல் தண்டவாளம் இல்லை. அந்தப் பகுதியில் கீழ் சிலிண்டர்கள் மட்டுமே வேலை செய்யும் என்று முன்னமே சொன்னேன் அல்லவா? அப்படியானால் மேல் சிலிண்டர், பல்லிணைப்பு, பல்சக்கரம் எல்லாவற்றையும் சுத்தம் செய்து, துருவைத் தடுத்து, அப்படியே விட்டுவிடலாம். செலவில் பெரும் பகுதி மிச்சம், அசல் பாகங்களும் மிச்சம். இறங்குவதற்கான அந்தச் சிறப்பு பிரேக்குகளின் கவலையும் இல்லை. விடுமுறை நாளில் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே கல்லாறு வரை போய் வருகிற ஒரு சிறு ரயில், தினசரி ரயிலில் டிக்கெட் கிடைக்காமல் திரும்புகிறவர்களுக்குப் போதும். காலை 7.10 வண்டிக்கு மேட்டுப்பாளையத்தில் வந்து ஏமாந்து போகும் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் கல்லாறுக்கு மேலே மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தாலும் இது ஓடும். ஆனால் கல்லாறு யானை வழி. நேரம், வேகம் இரண்டையும் வனத்துறையோடு பேசாமல் முடிவு செய்ய முடியாது. நிலக்கரியா எண்ணெயா என்பதும் அங்கே வெறும் எரிபொருள் கேள்வி அல்ல. மாசி, பங்குனியில் அடிவாரம் காய்ந்து கிடக்கும்போது ஒரு தீப்பொறி போதும்.

ஆள் விஷயத்தைக் கடைசியில் வைத்திருந்தாலும் அது கடைசி விஷயம் அல்ல. இந்திய ரயில்வேயின் அகல ரயில் பாதையில் வழக்கமான நீராவி வண்டிகள் 1995-லேயே முடிந்துவிட்டன. நீராவி தெரிந்தவர்கள் இன்று குன்னூர் ஷெட், பொன்மலை, டார்ஜிலிங் போன்ற சில இடங்களில்தான் வேலையில் இருக்கிறார்கள். உங்கள் எஞ்சினுக்கு வேண்டிய பாய்லர்மேனும் ஃபிட்டரும் தினசரி ரயிலை ஓட்டும் எஞ்சின்களுக்கு வேண்டியவர்களே. அவர்கள் ஒரு நாள் இதில் கை வைத்தால் ஒரு நாள் அது நிற்கும். ஆகவே மனுவில் எஞ்சினைக் கேட்பதோடு, பயிற்சிக்கு இளைஞர்களை எடுக்கச் சொல்லியும் கேளுங்கள். ஓய்வு பெற்றவர்கள் சொல்லிக் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள் என்றால், உங்கள் குழு கொடுக்கக்கூடிய பெரிய நன்கொடை அதுதான், பணம் அல்ல.

ஒருமுறை ஓடவைத்துவிட்டால் அப்புறம் தானாக ஓடும் என்பது ஒரு கனவு. ஃபேரி குவீன் 1855-ல் லீட்ஸில் செய்த எஞ்சின், 1909-ல் ஓய்வு பெற்று, 1997-ல் டெல்லிக்கும் ஆல்வாருக்கும் இடையே மறுபடி ஓடியது. கின்னஸ் புத்தகத்திலும் வந்தது. பிறகு 2011-ல் ஷெட்டில் நின்ற இடத்திலேயே அதன் பாகங்கள் திருடு போயின. பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ் மறுபடி உயிர் கொடுத்த பிறகுதான் திரும்ப ஓடியது. அதே பெரம்பூரில் 2010-ல் புதுப்பித்த இ.ஐ.ஆர். 21 என்ற பழைய நீராவி எஞ்சின் சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாட்களில் எழும்பூரிலிருந்து ஓடுகிறபோது பிளாட்பாரம் நிறைந்துவிடும். ஆண்டுக்குச் சில நாள் ஓட்டம்தான், ஆனால் பின்னால் ஒரு பெரிய பட்டறை நிற்கிறது. மலை மேல் உங்களுக்குப் பின்னால் எந்தப் பட்டறை நிற்கும்? எஞ்சின் ஏறக்குறைய 50 டன். மேட்டுப்பாளையத்தோடு மீட்டர் கேஜ் முடிந்துவிடுவதால் பொன்மலைக்குப் போக வேண்டுமென்றால் டிரெய்லரில் ஏற்றிச் சாலை வழியாகத்தான். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் மலைச்சாலையில், பர்லியார் வளைவுகளில் அந்த டிரெய்லர் இறங்குவதைக் கற்பனை செய்து பாருங்கள். ஒவ்வொரு பெரிய பழுதுக்கும் இதே பயணம்.

நின்றபடியே அசையவைக்கும் வழி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் சில இதைச் செய்கின்றன. எஞ்சினைச் சிறிது தூக்கி, சக்கரங்கள் தரையைத் தொடாமல் உருளைகள் மேல் நிறுத்தி, வெளியே ஒரு தனித் தொட்டியிலிருந்து குறைந்த அழுத்தக் காற்றை நேராக சிலிண்டர்களுக்கு விடுவது. பாய்லர் வழியாக அல்ல, அதைக் கட்டாயம் ஒதுக்கிவிட வேண்டும். சான்றிதழ் உள்ள புதுக் காற்றுத் தொட்டி, தடுப்பு வேலி, மெதுவான ஓட்டம். எக்ஸ் வகுப்புக்கு இது ரொம்பப் பொருத்தம். மேல் தண்டும் கீழ்த் தண்டும் வேறு வேறு வேகத்தில் போவதையும், பல்சக்கரம் சுழல்வதையும், ஓடும் ரயிலில் பயணி ஒருவர்கூடப் பார்க்க முடியாது. அடியில் ஒரு துண்டு ராக் சட்டத்தையும் பக்கத்தில் வைத்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடத்தில் மலை ரயில் புரிந்துவிடும். நெருப்பு இல்லை, பாய்லர் பயம் இல்லை, அசல் ரிவெட் ஒன்றுகூடப் போகாது. எனக்கு ஓட்டுப் போடும் உரிமை இருந்தால் இதற்குத்தான்.

ஆகவே மனு இப்படி இருக்கட்டும். சேலம் கோட்டத்துக்கு எழுதுங்கள், "ஓடவைக்க" என்று அல்ல, "ஆய்வு செய்ய அனுமதி" என்று. முதல் கோரிக்கை, பாகங்களின் எண்களை ஆவணப்படுத்துவது. இரண்டாவது, பாய்லர் தகட்டின் கனத்தை அளப்பது, அதற்கு ஆகும் செலவை உங்கள் குழு ஏற்பதாகச் சொல்லுங்கள். மூன்றாவது, எஞ்சினுக்கு மேல் கூரை. கண்ணாடி மாளிகை எல்லாம் வேண்டாம், நாலு பக்கமும் காற்றுப் போகிற சாதாரணத் தகரக் கூரை போதும், பக்கவாட்டில் சாரல் அடிக்காத அகலத்தில். கூரைக்கு அனுமதி வர நாளாகும் என்றால், அதுவரை புகைபோக்கிக்கு ஒரு மூடி போடவும், ஸ்மோக் பாக்ஸிலும் சாம்பல் தட்டிலும் கிடக்கும் பழைய சாம்பலை வாரி எடுக்கவும் அனுமதி கேளுங்கள். ஒரு நாள் வேலை. ஐப்பசிக்குள் முடித்துவிட்டால் நல்லது.